யார் காசில் வரும் செய்தி இது?

வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்க்கிறேன். ஏஜென்சிகள் அனுப்பும் செய்திகளைப் படித்து, தேர்ந்தெடுத்து, தமிழில் எழுதி, பக்கத்துக்குள் அடக்குவது என் வேலை. ஒரு நாள் காலையில் ஒரு வாசகர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். முந்தைய நாள் நான் எழுதிய சின்னச் செய்தி ஒன்றைப் பற்றி. ஒரு நாட்டில் நடந்துகொண்டிருந்த போராட்டம் அடங்கிவிட்டது, நிலைமை சீராகிவிட்டது என்று நான்கு பத்தி போட்டிருந்தேன்.

“சார், என் பையன் அங்கதான் படிக்கிறான். மூணு நாளா ஹாஸ்டலை விட்டு வெளிய வரலை. தெருவுல ஆள் நடமாட்டமே இல்லைங்கிறான். நீங்க நிலைமை சீராயிடுச்சுன்னு போட்டிருக்கீங்க. யார் சார் சொன்னாங்க?” என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

யார் சொன்னது என்று தேடிப் பார்த்தேன். அந்த நாட்டு அரசே நடத்தும் செய்தி நிறுவனம். ஏஜென்சியிடமிருந்து வந்த மூலச் செய்தியில், நாங்கள் காப்பி என்போம், அதன் பெயர் கடைசி வரியில் இருந்தது. இடம் போதவில்லை என்று நான் வெட்டி எறிந்தது அந்தக் கடைசி வரியைத்தான்.

செய்தியில் இருந்த எந்த வரியும் அப்பட்டமான பொய் இல்லை. தலைநகரில் பஸ் ஓடியது உண்மை. அமைச்சர் பேட்டி கொடுத்ததும் உண்மை. தலைநகருக்கு வெளியே என்ன நடந்தது என்பது மட்டும் அதில் இல்லை. அரசுப் பணத்தில் நடக்கும் ஊடகத்தைப் பற்றி நான் சொல்ல நினைப்பது பெரும்பாலும் இதைச் சுற்றித்தான். பொய்யைப் பிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. வராமல் போன செய்தியைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

அரசுகள் அடுத்த நாட்டு மக்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசத் தொடங்கி நூறு வருடம் ஆகப்போகிறது. மாஸ்கோ வானொலி 1929இல் வெளிநாட்டுக்கென்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பிபிசியின் எம்பயர் சர்வீஸ் 1932 டிசம்பரில் வந்தது. அது முதலில் தொடங்கிய வேற்றுமொழிச் சேவை அரபி, 1938இல். அரபு மக்களிடம் இத்தாலியின் பாரி வானொலி பிரிட்டனுக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1942இல் ஜெர்மன் மொழியில் தொடங்கியது. தமிழும் இந்தக் கணக்கில் உண்டு. பிபிசி 1941இலும் சீன வானொலி 1963இலும் தமிழில் பேச ஆரம்பித்தன. சிற்றலை வானொலியைத் திருகித் திருகிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் நினைவிருக்கும். அப்புறம் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. அல் ஜசீரா ஆங்கிலமும் பிரான்ஸ் 24ம் 2006இல் சில வார இடைவெளியில் தொடங்கின. ரஷ்யாவின் ஆர்டி அதற்கு முந்தைய வருடம். சீனாவின் சிஜிடிஎன் அந்தப் பெயரில் 2016இன் கடைசி நாளில்.

இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஏதோ ஓர் அரசின் பணம் இருக்கிறது. அதனால் எல்லாமே ஒன்றுதான் என்று சொல்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பணம் யார் தருகிறார்கள் என்பது முதல் கேள்விதான். பணம் தருபவருக்குப் பிடிக்காத செய்தி வந்தால் அந்த நிறுவனம் என்ன செய்யும் என்ற அடுத்த கேள்விதான் எனக்கு முக்கியம்.

1956 நவம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். சூயஸ் கால்வாய் நெருக்கடி. பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் எகிப்து மீதான ராணுவ நடவடிக்கையை நியாயப்படுத்தி மக்களிடம் பேசுகிறார். மறுநாள் எதிர்க்கட்சித் தலைவர் கெயிட்ஸ்கெல் அதை எதிர்த்துப் பேச பிபிசி இடம் கொடுக்கிறது. நாட்டுக்குள் இருந்த எதிர்ப்பை வெளிநாட்டுச் சேவைகளிலும் சொல்கிறது. அந்தச் சேவைகளுக்குப் பணம் கொடுத்ததே அரசுதான். அரசுக்குக் கடும் கோபம். வெளியுறவுத் துறை தன் அதிகாரி ஒருவரை பிபிசியின் வெளிநாட்டுச் சேவை அலுவலகத்திலேயே கொண்டுவந்து உட்காரவைத்தது. ஆனாலும் செய்தி போனது.

அதே வாரங்களில்தான் ஹங்கேரியில் சோவியத்துக்கு எதிரான எழுச்சியும் நடந்தது. கம்யூனிஸ்ட் நாடுகளை நோக்கி ஒலிபரப்பிய அமெரிக்க வானொலியான ரேடியோ ஃப்ரீ யூரோப்பின் ஹங்கேரிய ஒலிபரப்பு அங்கே போராடியவர்களிடம் மேற்கு நாடுகளின் உதவி வரும் என்ற நம்பிக்கையை வளர்த்தது. உதவி வரவில்லை. பீரங்கி வண்டிகள்தான் வந்தன. அந்த வானொலி அமெரிக்க மக்களின் நன்கொடையில் நடப்பதாக வெளியே சொல்லப்பட்டது. உண்மையில் பெரும்பங்கு பணம் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவிடமிருந்து வந்தது. 1967இல் அது பத்திரிகைகளில் அம்பலமானது. பணம் எங்கிருந்து வருகிறது என்று வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனத்தையும் மறைக்கும் நிறுவனத்தையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன், அது எந்த நாட்டுடையதாக இருந்தாலும் சரி.

வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவுக்கு 1976இல் ஒரு சாசனம் சட்டமானது. செய்தி துல்லியமாகவும் நடுநிலையாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டும் என்கிறது அது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அந்த வானொலி தாலிபான் தலைவர் முல்லா ஓமரைப் பேட்டி எடுத்தது. ஒலிபரப்பக் கூடாது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை அழுத்தம் கொடுத்தது. சில நாள் இழுபறிக்குப் பிறகு பேட்டியின் பகுதிகள் ஒலிபரப்பாயின. எழுதிவைத்த ஒரு சட்டம் இருந்ததால் உள்ளே இருந்த பத்திரிகையாளர்களால் அதைக் காட்டி வாதாட முடிந்தது. சட்டம் இல்லாத இடத்தில் வாதாட எதைக் காட்டுவது?

இன்னொரு பக்கம் 2018 செப்டம்பர். பிரிட்டனின் சாலிஸ்பரி நகரில் முன்னாள் ரஷ்ய உளவாளி ஸ்கிரிபாலுக்கும் அவர் மகளுக்கும் விஷம் வைத்ததாக இரண்டு ரஷ்யர்கள் மீது பிரிட்டிஷ் போலீஸ் குற்றம் சாட்டியிருந்தது. அந்த இருவரையும் ஆர்டியின் தலைமை ஆசிரியரே உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார். நாங்கள் சுற்றுலாப் பயணிகள், அங்கே உள்ள தேவாலயத்தைப் பார்க்கப் போனோம் என்றார்கள். அதன் கோபுரம் 123 மீட்டர் உயரம் என்றும் சொன்னார்கள். அந்தப் பேட்டியை அன்று நான் இரண்டு முறை பார்த்தேன். தலைமை ஆசிரியர் கேள்விகளே கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, கேட்டார். ஆனால் அந்த இருவர் யார், என்ன வேலை செய்கிறார்கள், ஆவணங்கள் என்ன சொல்கின்றன என்று தேடிப்போகும் வேலையை அந்த நிறுவனம் செய்யவில்லை. சுயேச்சையான புலனாய்வுப் பத்திரிகையாளர்கள்தான் அதைச் செய்தார்கள். இருவரும் ரஷ்ய ராணுவ உளவுத் துறையினர் என்று பெயரோடு வெளியிட்டார்கள். அந்த விவகாரத்தையும் சிரியாவையும் பற்றிய நிகழ்ச்சிகளில் நடுநிலை மீறியதற்காக பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2019இல் ஆர்டிக்கு 2 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது.

நடுவில் நிற்பவையும் உண்டு. கத்தார் அரசின் பணத்தில் நடக்கும் அல் ஜசீரா பல நாடுகளில் உயிரைப் பணயம் வைத்துச் செய்தி சேகரிக்கிறது. அவர்கள் காப்பியை நான் மதித்துப் பயன்படுத்துகிறேன். கத்தார் ஆட்சியாளர்களைப் பற்றிய செய்தி என்றால் மட்டும் வேறு இடத்திலும் பார்க்காமல் எழுத மாட்டேன்.

அடுத்து சொற்கள். இதுதான் என் அன்றாடப் பாடு.

தமிழில் ஒரு சாவைச் சொல்ல மூன்று வழிகள் இருக்கின்றன. “விமானப்படை குண்டு வீசி முப்பது பேரைக் கொன்றது.” “குண்டுவீச்சில் முப்பது பேர் கொல்லப்பட்டனர்.” “முப்பது பேர் உயிரிழந்தனர்.” முதல் வாக்கியத்தில் கொன்றவர் இருக்கிறார். இரண்டாவதில் கொலை இருக்கிறது, கொன்றவர் இல்லை. மூன்றாவதில் கொலையும் இல்லை. வெள்ளத்தில் போனவர்களுக்கும் அதே சொல்தான். அரசு நடத்தும் நிறுவனம் ஒன்றின் ஒரு மாதக் காப்பியை வரிசையாக வைத்துப் பாருங்கள். நட்பு நாடு தாக்கினால் மூன்றாவது வாக்கியம், பகை நாடு தாக்கினால் முதல் வாக்கியம் என்று பிரிந்து கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதை அவசரத்தில் மொழிபெயர்ப்பவர் சாய்வையும் சேர்த்தே இறக்கிவிடுகிறார். நாளைக்கு அது தமிழ் வாசகரின் சொந்த அபிப்பிராயம் மாதிரி உட்கார்ந்துவிடும்.

“ஒப்புக்கொண்டார்” என்ற வினையும் அப்படித்தான். 2013இல் சீனாவில் கைதான ஒரு பிரிட்டிஷ்காரர், வழக்கு விசாரணைக்கு முன்பே, காவலில் இருந்தபடி கேமரா முன் குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் காட்டப்பட்டார். பிற்பாடு சிஜிடிஎன் ஆன சேனலில் அது ஒளிபரப்பானது. தன்னை வற்புறுத்திச் சொல்லவைத்தார்கள் என்று விடுதலையான பிறகு அவர் புகார் கொடுத்தார். 2021இல் ஆஃப்காம் அந்த நிறுவனத்துக்கு அபராதம் விதித்தது. காவலில் இருப்பவர் சொன்னதாக வந்தால் “காவலில் இருக்கும்போது அவர் சொல்வதாகக் காட்டப்பட்டது” என்று எழுதுகிறேன். வாக்கியம் நீளம்தான், என்ன செய்வது.

ரஷ்யாவில் 2022 மார்ச்சில் ராணுவத்தைப் பற்றிப் “பொய்த் தகவல்” பரப்பினால் 15 வருடம் வரை சிறை என்று சட்டம் வந்தது. உக்ரைனில் நடப்பதைப் போர் என்றோ படையெடுப்பு என்றோ எழுதக் கூடாது என்று அதற்கு முன்பே ஊடகங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. “சிறப்பு ராணுவ நடவடிக்கை” என்பது அரசே வைத்த பெயர். மேற்கோள் குறி இல்லாமல் அதைத் தமிழில் எழுதினால், அந்தச் சட்டத்துக்கு நாமும் கீழ்ப்படிந்த மாதிரி ஆகிவிடும்.

வாசகருக்கு இதிலெல்லாம் என்ன வேலை என்று தோன்றலாம். இப்போது செய்தி ஆசிரியரைத் தாண்டாமலே உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. நாற்பது விநாடி வீடியோ, மேலே தமிழில் நான்கு வரி, மூலையில் இருந்த லோகோ வெட்டப்பட்டிருக்கும். அரசுப் பணம் பெறும் சேனல்களின் வீடியோக்களுக்குக் கீழே யூடியூப் 2018இல் அதைச் சொல்லும் குறிப்பு போடத் தொடங்கியது. அந்த வீடியோவை இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் குறிப்பு கூட வராது. ட்விட்டர் 2020இல் அரசு சார்ந்த ஊடகங்களுக்கு அடையாளம் போட்டது. 2023 ஏப்ரலில் பிபிசியையும் அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆரையும் அந்தப் பட்டியலில் இழுத்து, குழப்பம் வந்ததும் ஆர்டி, சீன அரசுச் செய்தி நிறுவனமான ஷின்ஹுவா உட்பட எல்லோருடைய அடையாளத்தையும் ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டது. ஆக, லேபிள் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அச்சுப் பத்திரிகையும் விதிவிலக்கு இல்லை. சீன ஆளுங்கட்சியின் ஆங்கில நாளிதழான சைனா டெய்லி பல நாட்டுப் பெரிய பத்திரிகைகளில் காசு கொடுத்து இணைப்புப் பக்கங்கள் போட்டிருக்கிறது. பார்ப்பதற்குச் செய்திப் பக்கம் மாதிரியே இருக்கும். விளம்பரம் என்பது மேலே சின்ன எழுத்தில் இருக்கும்.

நான் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. செய்தி முதலில் எங்கே வந்தது என்று பார்ப்பேன். பத்து தளங்களில் வந்திருந்தாலும் பத்தும் ஒரே காப்பியாக இருக்கலாம். பிறகு, அந்த நிறுவனத்துக்குப் பணம் தரும் அரசு எப்போது தர்மசங்கடத்தில் மாட்டியது என்று யோசித்து, அந்த நாளில் அவர்கள் முகப்பில் என்ன இருந்தது என்று பார்ப்பேன். தேர்தல் முறைகேடு, ஊழல் வழக்கு, ராணுவத் தோல்வி, ஏதாவது ஒன்று. அன்றைக்கு அது முகப்பில் இருந்ததா, ஒரு மூலையில் இருந்ததா, அல்லது அடுத்த நாட்டின் பிரச்சினை பெரிதாக நின்றதா? பத்து நிமிட வேலை. ஒரு நிறுவனத்தைப் பற்றி இதைவிட அதிகம் சொல்லும் சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

நல்ல பெயர் எடுத்த நிறுவனம் என்றும் அப்படியே இருக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. 2025 மார்ச் 14 அன்று அமெரிக்க அதிபர் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். மறுநாள் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் 1,300க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். 1942இலிருந்து பேசிக்கொண்டிருந்த குரல் நின்றது. சில அலைவரிசைகளில் செய்தி நேரத்தில் பாட்டு ஓடியது. சொந்த நாட்டில் சுதந்திரமான பத்திரிகை இல்லாதவர்கள் எத்தனை பேர் அதை நம்பி உட்கார்ந்திருப்பார்கள் என்று அன்று முழுக்க மனசு கேட்கவில்லை.

போன் செய்த வாசகரிடம் அன்றைக்கே நடந்ததைச் சொன்னேன். தவறு என்னுடையது, பெயரை நான்தான் வெட்டினேன் என்றேன். மறுநாள் திருத்தம் போட்டோம். அவர் பையனின் எண்ணைக் கேட்டு வாங்கி, அவன் மூலமாக இன்னும் இரண்டு மாணவர்களிடமும் பேசினேன். ஒருவர் தன் அறை ஜன்னலிலிருந்து எடுத்த படத்தை அனுப்பினார். காலியான தெரு, முனையில் நிற்கும் ராணுவ லாரி. புதிதாக எழுதிய செய்தியில் அரசு நிறுவனம் சொன்னதும் இருந்தது, முதல் வரியிலேயே அதன் பெயரோடும் அது யாருடையது என்ற விளக்கத்தோடும். இடம் போதாததால் இந்த முறை அமைச்சரின் பேட்டியை வெட்டினேன்.