விளையாடும்போது மட்டும் ஏன் அணைகிறது?

"மாமா, கேம் ஆடினா கம்ப்யூட்டர் பத்து நிமிஷத்துல தானா ரீஸ்டார்ட் ஆகுது. யூடியூப் நாள் முழுக்க ஓடுது, ஒண்ணும் ஆகல" என்றான் அக்கா மகன். கடைக்காரர் அதற்குள் இரண்டு முறை விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டார், ரேமையும் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டார். நான் ஒன்றுதான் கேட்டேன். "திரை நீலமாச்சா?"

"இல்ல மாமா, பொட்டுன்னு போயிடுது."

அந்தப் 'பொட்டு'வில் பாதி விடை இருக்கிறது. நீலத் திரை வந்தால், விண்டோஸே தவறைக் கவனித்து, குறிப்பு எழுதி வைத்துவிட்டுத் தன்னை நிறுத்திக்கொண்டது என்று பொருள். படம் உறைந்து, ஓரிரு நொடியில் மீண்டும் வந்தால், கிராபிக்ஸ் கார்டு 2 நொடிக்குள் பதில் சொல்லாததால் விண்டோஸ் அதை மட்டும் தட்டி எழுப்பியிருக்கிறது. கேம் மட்டும் மூடிக்கொண்டால் டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்), ரேம், கேம் மூன்றையும் சந்தேகிக்கலாம். எதையும் எழுத அவகாசமே இல்லாமல் இருட்டானால் முதலில் மின்சாரப் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

விண்டோஸின் நிகழ்வுக் குறிப்பேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பில் ஒரு வரி இருக்கும். பலர் அதையே நோய் என்று நினைத்து, அந்த எண்ணைத் தேடிக்கொண்டு அலைகிறார்கள். அது நோயல்ல. அடுத்த முறை எழுந்த விண்டோஸ், 'என்னை யாரும் ஒழுங்காக அணைக்கவில்லை' என்று எழுதும் புகார், அவ்வளவே. அதற்குள்ளே 'பக்செக் கோடு', அதாவது நீலத் திரையின் பிழை எண், 0 என்று இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. இருந்தால் நீலத் திரைக்கான தடயம் எதுவும் பதிவாகவில்லை. அவனுடையதில் எல்லாமே 0.

சூடு காரணமாக இருக்குமோ என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் இன்றைய பிராசஸர்கள் 100 டிகிரியை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கும். கேம் திக்கித் திணறும். அதையும் மீறிச் சூடேறினால்தான் அணையும். திணறலே இல்லாமல் பொட்டென்று போவது சூட்டின் வழக்கமான குணமல்ல. சரி, தூசியைத் துடைப்பதால் நஷ்டமில்லை, துடைத்தோம்.

அவனிடம் இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3080 என்ற என்விடியா கிராபிக்ஸ் கார்டு. 320 வாட் கார்டு. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் 550 வாட். பிராசஸருக்கு 100 வாட் வைத்துக் கூட்டினாலும் கணக்கு சரியாகத்தான் வரும். சிக்கல் என்னவென்றால், 320 என்பது சராசரி. கேமில் ஒவ்வொரு பிரேமுக்கும், அதாவது திரையில் வரையும் ஒவ்வொரு படத்துக்கும், கார்டின் ஆயிரக்கணக்கான கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்) ஒன்றாக விழித்து, ஒன்றாக ஓய்கின்றன. விழிக்கும் அந்தக் கணத்தில், ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரத்துக்கு, இழுப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரை எகிறலாம். யூடியூபில் இந்தக் குதிப்பு கிடையாது.

அந்தக் குதிப்பின்போது எஸ்எம்பிஎஸ் இரண்டில் ஒன்றைச் செய்யும். உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று 'அளவு மீறிவிட்டது' என்று முழுதாக அணைத்துவிடலாம். அப்படியானால் பெரும்பாலும் பின்பக்க ஸ்விட்சை அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும். அல்லது 12 வோல்ட் ஒரு கணம் 11.4க்குக் கீழே சரியும். உடனே எஸ்எம்பிஎஸ் 'மின்சாரம் நலம்' என்று மதர்போர்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் சிக்னலை விலக்கிக்கொள்ளும், போர்டு ரீசெட் ஆகும். தானாக மீண்டு வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 12.1 என்று சாதுவாகக் காட்டும். அது காட்டுவது சராசரியை. கணநேரச் சரிவு அதன் கண்ணில் படாது. எஸ்எம்பிஎஸ்களுக்கென 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிகள், புதுவகைக் கார்டு இணைப்புள்ள எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோசெகண்ட் தாங்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

யூபிஎஸையும் விடக்கூடாது. கரண்ட் தாழும்போது சாதாரண யூபிஎஸ் 'டக்' என்று பேட்டரிக்கு மாறச் சில மில்லிசெகண்ட் ஆகும். அந்த இடைவெளியை எஸ்எம்பிஎஸ்ஸின் கெப்பாசிட்டர்தான் நிரப்ப வேண்டும். சுமை குறைவென்றால் தாராளமாகத் தாங்கும். முழுச் சுமையில் நல்ல நிலையில் இருந்தாலே 16 மில்லிசெகண்ட் அளவில்தான், வயதானால் அதுவும் குறையும். சுவரில் நேரடியாகச் செருகிப் பார்த்தோம். அப்போதும் அணைந்தது.

மின்சாரம் அல்லாத காரணங்களும் உண்டு. ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்துவிட்டு ஆடிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சில, அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்டுத் தம்மையே கெடுத்துக்கொண்டன. 2024 ஆகஸ்டில் பயாஸ் (மதர்போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) வழியே திருத்தம் வந்தது, ஆனால் கெட்டது கெட்டதுதான், அதைத் திருத்தம் மீட்காது. அந்தப் பிராசஸர்களில் கேம்கள் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று புலம்பின. பாவம், கிராபிக்ஸ் கார்டுகள்தான் பழி சுமந்தன.

கடைசியில் கதையை முடித்தது ஓர் எளிய சோதனை. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கினோம். இரண்டு மணி நேரம் ஆடினான், அசையவில்லை. 100க்கு ஏற்றியதும் பன்னிரண்டாவது நிமிடம் போய்விட்டது. கேபினெட்டைத் திறந்தால், கார்டின் இரண்டு 8 பின் சாக்கெட்டுக்கும் ஒரே கேபிளின் இரட்டைத் தலை. ஒரு சாக்கெட்டுக்கு 150 வாட் என்பது கணக்கு, இரண்டுக்கும் உரியதை ஒரே கேபிள் சுமந்திருக்கிறது. தனித்தனி கேபிள் மாட்டியதும் பத்து நிமிடம் நாற்பதானது, ஆனால் நிற்கவில்லை. நண்பர் ஒருவரின் 750 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டிய பிறகுதான் நின்றது. அந்தக் கார்டுக்கு என்விடியாவே பரிந்துரைத்த அளவும் 750தான்.

அப்புறம் புதிதாக ஒன்று வாங்கினான். ஏழு வயதான அந்த 550 வாட் பெட்டி இப்போது அத்தானின் கடையில், பில் போடும் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அங்கே ஒருநாள்கூட அணைந்ததில்லை.