ரிஞ்சை எடுப்பதற்கு முன்னால் மாடிக்குப் போங்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போன் அடித்தால் எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். "தம்பி, சின்ன வேலைதான், நானே பண்ணிடலாம்னு..." என்று ஆரம்பிப்பார்கள், பின்னாலேயே தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்கும். தாம்பரம் பக்கம் 20 வருஷத்துக்கு மேலாகப் பிளம்பிங் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர்கள் கைவைக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை, வாஷர் மாற்ற நான் எதற்கு? ஆனால் எங்கே கைவைக்கிறோம் என்று தெரிந்து வைக்க வேண்டும்.

போன மாதம் ஒரு சார் வீடு. பாத்ரூம் குழாய் சொட்டுகிறது, வீடியோ பார்த்திருக்கிறார், புதுக் குழாயும், கசியாமல் இருக்க மரையில் சுற்றுகிற டெஃப்லான் டேப்பும் வாங்கி வந்து பைப் ரிஞ்சைப் போட்டுத் திருகியிருக்கிறார். பழைய குழாய் கழன்றது, சரிதான், ஆனால் சுவருக்குள் இருந்த பிராஸ் எல்போவின், அதாவது பித்தளை மரை பதித்த பிளாஸ்டிக் வளைவின், மரையும் அதோடு சேர்ந்து சுழன்று, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை விரியவிட்டுவிட்டது. மாடிக்கு ஓடிப்போய், தொட்டித் தண்ணீரை நிறுத்துகிற கேட் வால்வை மூடியிருக்கிறார். கைப்பிடி சுற்றிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் நிற்கவில்லை. உள்ளே ஸ்பின்டில் என்கிற தண்டு எப்போதோ உப்புப் பிடித்து அறுந்திருக்கிறது. அப்போதுதான் மோட்டார் போட்டு 1,000 லிட்டர் தொட்டியை நிரப்பியிருந்தார்கள். நான் போகும்போது அந்த அம்மா சுவர் ஓட்டையில் துணியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், சார் பக்கெட்டோடு நின்றார், இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. தொட்டிக்குள் கையை விட்டு, தண்ணீர் இறங்கும் வாயில் துணி உருண்டையை அடைத்துத்தான் நிறுத்தினேன். அப்புறம் நாலு டைல்ஸை உடைக்க வேண்டியிருந்தது. அந்த டிசைன் இப்போது கடையில் கிடைக்காது என்பது சாருக்கு மறுநாள்தான் தெரிந்தது.

வீடியோவில் காட்டுகிற குழாய் புதுசு, மரை பளபளவென்று இருக்கும். நம் பக்கத்து போர் தண்ணீரில் பத்து வருஷம் கிடந்த குழாய் சுண்ணாம்புபோல உப்புக் கட்டி, மரையோடு ஒன்றாகிப் போயிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், ரிஞ்சைத் தொடுவதற்கு முன்னால் மாடி வால்வை மூடிவிட்டுக் கீழே வந்து குழாயைத் திறந்து பாருங்கள். பைப்பில் தங்கியிருக்கும் தண்ணீர் வடிந்து முடிந்த பிறகும் ஒழுகிக்கொண்டே இருந்தால் அன்றைக்கு அந்த வேலையே வேண்டாம், முதலில் வால்வை மாற்றுங்கள். தண்ணீர் சரியாக நின்றுவிட்டது என்றால் தைரியமாகத் திருகுங்கள், அதுவும் முரட்டுத்தனமாக இல்லாமல்.

குழாயை மாட்டுவதிலும் ஒரு கூத்து உண்டு. டேப்பைக் குழாய் திருகுகிற திசையிலேயே சுற்ற வேண்டும், எதிர்த்திசையில் சுற்றினால் மாட்டும்போதே உரிந்து சுருண்டு வெளியே வரும். அதைச் சரியாகச் செய்தவர்களும் கடைசியில் தவறுகிறார்கள்: முழுதாக இறுக்கியதும் குழாயின் மூக்கு கோணலாகச் சுவரைப் பார்த்து நிற்கும், நேராக்க வேண்டுமே என்று கால் சுற்றுப் பின்னால் திருப்புவார்கள். முடிந்தது, அந்தக் கால் சுற்றில்தான் கசிவு ஆரம்பிக்கிறது. கழற்றி, பழைய டேப்பைச் சுத்தமாக எடுத்துவிட்டு, இன்னும் சில சுற்று கூடுதலாகப் போட்டு மறுபடி மாட்டுவதுதான் வழி. எரிச்சலான வேலைதான், எனக்கும் அப்படித்தான்.

இப்போது வருகிற, கால்வாசிச் சுற்றிலேயே திறந்து மூடுகிற குழாய்களில் வாஷரே கிடையாது, உள்ளே பீங்கான் தட்டு வைத்த ஒரு கட்டைதான் இருக்கும். சொட்டுகிறது என்று பலம் கொண்ட மட்டும் இறுக்கி மூடினால் கைப்பிடிதான் உடையும். அந்தக் கட்டையைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போங்கள், வாயால் அளவு சொல்லி வாங்கினால் மூன்று தடவை நடக்க வேண்டும். பைப் ஒட்டுவதிலும் இதே கதை. சுடுதண்ணீர் போகிற மஞ்சள் நிற சி.பி.வி.சி பிளாஸ்டிக் பைப்புக்கு அதற்கான பசை வேறு, வெள்ளை யு.பி.வி.சி பைப்புக்கு வேறு. ஈரம் இருந்தால் சாதாரணப் பசை சரியாகப் பிடிக்காது.

கோபம் வருகிற விஷயம் ஒன்று. சேமிப்புத் தொட்டி உள்ள கீசரில் சூடேறும்போது பாதுகாப்பு வால்விலிருந்து சில சொட்டு வரும். தண்ணீர் சூடானால் விரியும், அந்த அழுத்தத்தை வெளியேற்றத்தான் அந்த வால்வே இருக்கிறது. அதை ஒழுகல் என்று நினைத்து மூடி போட்டு அடைத்திருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன், உடனே சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தேன். தெர்மோஸ்டாட் கெட்டுப்போகிற அன்றைக்கு அந்தத் தொட்டி வெடிக்கலாம். விடாமல் ஒழுகினால் மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள், அடைக்காதீர்கள். பாத்ரூம் அடைப்புக்கு ஆசிட் ஊற்றிவிட்டு, போகவில்லையே என்று மேலே பிளீச்சிங் பவுடரைப் போடுகிறவர்களிடமும் எனக்கு இதே கோபம்தான் வரும். அதிலிருந்து கிளம்புவது குளோரின் வாயு, கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சின்ன அறையில் நின்றால் மூச்சே நின்றுவிடலாம்.

சார் வீட்டில் இப்போது பந்து வால்வு போட்டிருக்கிறேன், கால்வாசித் திருப்பிலேயே மூடும். மாதம் ஒரு தடவையாவது மூடித் திறங்கள், உப்புப் பிடிக்காது என்று சொல்லியிருந்தேன். பென்ஷன் வருகிற அன்றைக்கு மாடிக்குப் போய்த் திருப்பிவிட்டு வருகிறாராம். அந்த அம்மா சொன்னார். குழாய் சொட்டினால் மட்டும் நேராக எனக்கே போன் போட்டுவிடுகிறார், சார் காதில் விழாமல்.