பிரசிடென்ட்ஸ் அவார்டில் பிள்ளையைச் சேர்க்கிறீர்களா? பதிவுத் தேதியைக் கேளுங்கள்

பிரிட்டனில் 1956-ல் தொடங்கிய, இளைஞர்களுக்கான எடின்பரோ கோமகன் விருதின் தென்னாப்பிரிக்க வடிவம்தான் பிரசிடென்ட்ஸ் அவார்டு. வயது 14 முதல் 24 வரை. வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படிகள். ஒவ்வொன்றிலும் சேவை, திறன், உடற்பயிற்சி, சாகசப் பயணம். வரலாறு இவ்வளவு போதும்.

இது போட்டி இல்லை. "மார்க் நல்லா இருக்கணும்", "பிரிஃபெக்ட் (மாணவர் தலைவர்) பிள்ளைகளுக்கு மட்டும்" என்று பள்ளியில் சொன்னால், அது அவர்களாக வைத்துக்கொண்ட வழக்கம். விருதின் விதியில் அப்படி எதுவும் கிடையாது. ஆனால் பள்ளி, இளைஞர் மன்றம், தொண்டு அமைப்பு என்று ஏதாவது ஒன்றின் வழியாகத்தான் சேர வேண்டும். அலைச்சல் இங்கேதான் தொடங்கும். பள்ளி, விருது அலுவலகத்தைக் கேட்கச் சொல்லும். அலுவலகம், பள்ளியைக் கேட்கச் சொல்லும். டர்பனில் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ இருந்துகொண்டு வேலைக்கு லீவு போட்டு அலைய யாரால் முடியும்? "எங்கள் பக்கத்தில் வெளிப்பிள்ளைகளைச் சேர்க்கும் அமைப்பு எது?" என்று விருது அலுவலகத்தை மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால், கேட்டதற்குச் சாட்சி இருக்கும்.

பணம் கட்டியதும் சேர்ந்தாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். ஆன்லைன் ரெக்கார்டு புக் என்ற விருதின் இணையப் பதிவேட்டில் பெயர் ஏறி, அவார்டு லீடர் (விருதுக்குப் பொறுப்பானவர்) ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். ஒரு பெண் மாதக்கணக்கில் முதியோர் இல்லத்தில் சோறு பரிமாறினாள். அவள் ஃபாரம் ஆசிரியரின் டிராயரிலேயே கிடந்தது. பதிவுக்கு முன்னால் செய்தது கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்கள். தப்பு யாருடையது, நட்டம் யாருக்கு?

வயதிலும் ஒரு பொறி உண்டு. 25-வது பிறந்தநாளுக்குள் எல்லாம் முடிய வேண்டும். வெள்ளி வாங்காமல் நேரே தங்கத்துக்குப் போனால் குறைந்தது 18 மாதம் ஆகும். 24 வயதுப் பையனிடம் தங்கத்துக்குப் பணம் கேட்டால், எப்படி முடிப்பான் என்று கேளுங்கள்.

சேவை, திறன், உடற்பயிற்சி ஒவ்வொன்றுக்கும் வாரத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் என்பது விதி. லீவில் மொத்தமாக உட்கார்ந்து முடித்துவிட முடியாது. பரதநாட்டியத்தைத் திறன் என்று எழுதித் திரும்பி வந்தவர்கள் உண்டு. நடனம் உடற்பயிற்சிப் பிரிவில் சேரும், மிருதங்கமும் பாட்டும்தான் திறன். கற்றுக்கொடுப்பவர் சொந்த அத்தை என்றால் அவர் கையெழுத்து செல்லாது. வெளியாளைத் தேடிக்கொள்ளுங்கள்.

சாகசப் பயணம் பள்ளிச் சுற்றுலா அல்ல. வெண்கலத்துக்கு இரண்டு பகல், ஓர் இரவு; குழுவில் 4 முதல் 7 பேர்; முன்பே ஓர் ஒத்திகைப் பயணமும் வேண்டும். டிரேக்கன்ஸ்பெர்க் மலை வரை பஸ்ஸில் போய், யாரோ சமைத்ததைச் சாப்பிட்டு வந்தால் அது பயணம் ஆகாது.

முகாம், வண்டி, சாப்பாடு சேர்த்து மொத்தச் செலவை முதலிலேயே எழுதி வாங்குங்கள். ரெக்கார்டு புக் கணக்கைப் பள்ளி மின்னஞ்சலில் திறக்க வேண்டாம். பள்ளியை விட்டதும் அந்த மின்னஞ்சலை மூடிவிடலாம். பிள்ளையின் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள். கையெழுத்தான ஒவ்வொரு பக்கத்தையும் அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். பொறுப்பாசிரியர் வேறு ஊருக்கு மாறிப் போனால் அதுதான் கையில் இருக்கும் சாட்சி.