அதிக இடம் ஜெயித்த கட்சி எதிர்வரிசையில்: ஸ்காட்லாந்து கவுன்சில் தேர்தல் முடிவைப் படிப்பது எப்படி

2022 மே மாதம் எடின்பரோ கவுன்சிலின் (நம் மாநகராட்சி மாதிரி உள்ளாட்சி மன்றம்) 63 இடங்களுக்கு முடிவு வந்தபோது ஸ்காட்லாந்து தேசியக் கட்சியான எஸ்.என்.பி.க்கு 19, லேபருக்கு 13, லிபரல் டெமாக்ரட்டுக்கு 12, கிரீன் கட்சிக்கு 10, கன்சர்வேட்டிவுக்கு 9. நம் ஊர்ப் பழக்கத்தில் பார்த்தால் எஸ்.என்.பி. ஜெயித்துவிட்டது, லட்டு கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் அதே மாதக் கடைசியில் கவுன்சில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் 13 இடம் வாங்கிய லேபர்காரர். லிபரல் டெமாக்ரட்டும் கன்சர்வேட்டிவும் அவருக்குக் கை தூக்கினார்கள். மூன்று கட்சியையும் கூட்டினால் 34, பெரும்பான்மைக்குத் தேவை 32, அவ்வளவுதான் கணக்கு. கன்சர்வேட்டிவ் தயவில் பதவி வேண்டாம் என்று இரண்டு லேபர் கவுன்சிலர்கள் ஓட்டுப் போடாமல் ஒதுங்கினார்கள், கட்சி அவர்களைச் சஸ்பெண்ட் செய்தது.

இதில் முறைகேடு எதுவும் இல்லை. இந்தத் தேர்தல் முறையே இப்படித்தான் நடக்கும், அதனால் முடிவு வந்த அன்று 'யார் முதலிடம்' என்பதை மட்டும் பார்த்தால் பாதி விஷயம்கூடக் கையில் வராது. இங்கே புதிதாக வந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான், எனவே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

ஸ்காட்லாந்தில் 32 கவுன்சில்கள். பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு, உள்ளூர் சாலை, நூலகம், வீடு கட்ட அனுமதி, குப்பைத் தொட்டி எந்தக் கிழமை காலியாகும் என்பது வரை இவர்கள் கையில். போலீஸும் தீயணைப்பும் 2013இல் நாடு முழுவதற்கும் ஒன்றாகிவிட்டன, ஆஸ்பத்திரி கவுன்சில் வேலை இல்லை. கவுன்சில் டாக்ஸ், அதாவது வீட்டுக்காகக் கவுன்சிலுக்குக் கட்டும் வரி, அந்தப் பில்லைப் பார்த்துவிட்டு எல்லாச் செலவும் நம் காசில்தான் நடக்கிறது என்று நினைக்க வேண்டாம், பெரும்பகுதி பணம் ஸ்காட்லாந்து அரசின் மானியமாக வருகிறது.

கவுன்சிலுக்குள் வார்டுகள். ஒரு வார்டுக்கு ஒரு கவுன்சிலர் என்று நினைப்பவர்கள் இங்கேதான் முதலில் தடுமாறுவார்கள். பெரும்பாலான வார்டுகளில் 3 அல்லது 4 பேர், எல்லாருமே உங்கள் கவுன்சிலர்கள். அரன் தீவு போல ஒருவரே உள்ள வார்டு அபூர்வம். அதனால் தெரு விளக்கு எரியவில்லை என்றால் ஒரு கட்சிக்காரர் கண்டுகொள்ளாவிட்டாலும் இன்னொருவருக்கு மெயில் போடலாம். இந்த முறையில் எனக்கு ரொம்பப் பிடித்ததே இதுதான்.

ஓட்டுச்சீட்டில் சின்னம் பார்த்து ஒரு முத்திரை குத்திவிட்டு வரும் வேலை இல்லை. பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று எண் போட வேண்டும். முதலில் வேண்டியவருக்கு 1, அவருக்கு என் ஓட்டு தேவைப்படாவிட்டால் அல்லது அவர் தேறாவிட்டால் போகட்டும் என்று நினைப்பவருக்கு 2, அப்படியே கீழே. எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் எண் போடலாம், ஒருவருக்கு மட்டும் போட்டு நிறுத்தினாலும் செல்லும். 1, 2 போட்டுவிட்டு 3ஐத் தாண்டி 4 போட்டால் முதல் இரண்டு வரை எடுத்துக்கொள்வார்கள். இந்தியாவில் எம்.எல்.ஏ.க்கள் மாநிலங்களவைக்கு ஓட்டுப் போடுவதும் இதே குடும்பத்து முறைதான். இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலுக்கும் 1, 2, 3 உண்டு, 2024இல்தான் அங்கே முதல்முறையாக இரண்டாவது விருப்பத்தை எண்ண வேண்டி வந்தது. ஆனால் அந்தக் கணக்கு வேறு.

கவுன்சில்களுக்கு இந்த முறை 2007இல் வந்தது. வந்த வருடமே குளறுபடி. அன்றே ஸ்காட்லாந்து பாராளுமன்றத் தேர்தலும் நடந்தது, அங்கே பெருக்கல் குறி, இங்கே எண், மக்கள் குழம்பிப்போய், பாராளுமன்ற ஓட்டு மட்டும் 1,40,000க்கு மேல் செல்லாமல் போனது. அதன் பிறகு இரண்டையும் ஒரே நாளில் வைப்பதை நிறுத்தினார்கள். 2012, 2017, 2022 என்று கவுன்சில் தேர்தல் தனியாக நடக்கிறது.

சரி, எண்ணுவது எப்படி? இது கொஞ்சம் நீளம், ஆனால் இது புரிந்தால்தான் முடிவுத் தாள் புரியும்.

ஒரு வார்டில் 4 இடம், செல்லுபடியான ஓட்டு 6,000 என்று வைத்துக்கொள்வோம். இடங்களோடு ஒன்று கூட்டி 5, அதால் 6,000ஐ வகுத்தால் 1,200, மேலே ஒன்று போட்டால் 1,201. இதுதான் கோட்டா. இந்த அளவை நான்கு பேர் தொடலாம், ஐந்தாவது ஆள் தொடவே முடியாது, அதற்காகத்தான் அந்தக் கூடுதல் ஒன்று. முதல் சுற்றில் மீனாவுக்கு 1,801 வந்தது. அவர் ஜெயித்தாயிற்று, 600 ஓட்டு மிச்சம். இப்போது எந்த 600 சீட்டை எடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பது? எடுக்கும் கட்டைப் பொறுத்து முடிவு மாறலாம் இல்லையா? அதனால் ஸ்காட்லாந்தில் கட்டைப் பிரிப்பதே இல்லை. 1,801 சீட்டையும் பார்க்கிறார்கள், ஒவ்வொன்றின் மதிப்பையும் 0.33314 ஆகக் குறைக்கிறார்கள், அதாவது 600ஐ 1,801ஆல் வகுத்து ஐந்து தசம இடத்தோடு வெட்டியது. அதில் 900 சீட்டில் கண்ணன் பெயருக்கு எதிரே 2 இருந்தால் கண்ணனுக்குப் போவது 299.826 ஓட்டு. முதல் சுற்றில் அவர் வாங்கியது 910. இப்போது 1,209.826, கோட்டாவைத் தாண்டிவிட்டார். முதல் சுற்றில் 1,050 வாங்கி அவருக்கு மேலே இருந்த ராஜு இன்னும் வாசலில் நிற்கிறார்.

மிச்சம் பங்கிட்டு முடிந்தும் இடம் நிரம்பவில்லை என்றால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த எண் உள்ளவருக்கு அனுப்புவார்கள். நான்கு பேர் தேறும் வரை இப்படியே சுற்றுச் சுற்றாகப் போகும். ஒருவருக்கு மட்டும் எண் போட்டு நிறுத்திய சீட்டுகள் நடுவழியில் எங்கேயும் போக முடியாமல் ஒதுங்கும், அதனால் கடைசி இடத்தைப் பிடிப்பவர் சில சமயம் கோட்டாவைத் தொடாமலே உள்ளே வந்துவிடுவார். இவ்வளவையும் கையால் எண்ணினால் விடிந்துவிடும் என்பதால் சீட்டுகளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்கள். வியாழக்கிழமை ஓட்டு, மறுநாள் எண்ணிக்கை, ராத்திரி கண்விழிப்பு கிடையாது. கவுன்சில் இணையதளத்தில் போடும் முடிவுத் தாளில் ஒருவருக்கு 1,209.82600 ஓட்டு என்று இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். மேலே போட்ட கணக்குத்தான் அது.

இந்த முறையில் கட்சிகளுக்கு ஒரு தலைவலி உண்டு. ஒரே வார்டில் தங்கள் ஆட்கள் இரண்டு பேரை நிறுத்தினால் ஓட்டு இருவருக்கும் ஓரளவு சமமாகப் பிரிய வேண்டும். சீட்டிலோ பெயர்கள் குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசையில், மேலே இருக்கும் பெயருக்கே மக்கள் 1 போட்டுவிட்டுக் கீழே இருப்பவருக்கு 2 போடுகிறார்கள். ஒரே கட்சியின் இருவரில் பெரும்பாலும் மேலே இருப்பவருக்குத்தான் முதல் விருப்பம் அதிகம் விழுகிறது. அதனால்தான் உங்கள் தெருவுக்கு வரும் நோட்டீஸில் ஒரு பெயருக்கு 1 என்றும், இரண்டு தெரு தள்ளி இருக்கும் நண்பர் வீட்டு நோட்டீஸில் அதே கட்சியின் இன்னொரு பெயருக்கு 1 என்றும் இருக்கும். நம் ஆட்கள் நின்றால் இன்னும் வேடிக்கை, பாஸ்போர்ட்டில் பலருக்கு அப்பா பெயர்தான் குடும்பப் பெயர். அப்பா ஆறுமுகமாக இருந்தால் சீட்டின் உச்சி, வேலாயுதமாக இருந்தால் அடி.

இப்போது 2022இன் மொத்தக் கணக்கைப் பாருங்கள். 1,226 இடங்களில் எஸ்.என்.பி. 453, லேபர் 282, கன்சர்வேட்டிவ் 214, லிபரல் டெமாக்ரட் 87, கிரீன் 35. முந்தைய 2017 தேர்தலில் 276 இடம் வாங்கி இரண்டாவதாக வந்த கன்சர்வேட்டிவ் மூன்றாவதாக இறங்கியதுதான் அன்றைய பெரிய செய்தி. கட்சி சாராத சுயேச்சைகள் 150 பேருக்கு மேல். ஆர்க்னி, ஷெட்லாண்ட், மேற்குத் தீவுகளில் அவர்கள்தான் பெரும்பான்மையே. கிழக்கு அயர்ஷயரில் குப்பைப் பிரச்சினைக்கென்றே தொடங்கிய 'ரப்பிஷ் பார்ட்டி' என்ற கட்சிக்குக்கூட ஓர் இடம் கிடைத்தது. குப்பைக் கட்சி என்று தமிழில் சொன்னால் திட்டுவது போல இருக்கிறது, ஆனால் அவர்களே வைத்துக்கொண்ட பெயர்.

32இல் ஒரே கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்தவை இரண்டே இரண்டு: டண்டியில் எஸ்.என்.பி. 29இல் 15, மேற்கு டன்பார்ட்டன்ஷயரில் லேபர் 22இல் 12. மேலே சொன்ன தீவுகளைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் பேரம்தான். கிளாஸ்கோவில் எஸ்.என்.பி. 37, லேபர் 36, ஒரே ஓர் இடம் வித்தியாசம். அங்கே எஸ்.என்.பி. சிறுபான்மையாகவே நிர்வாகத்தை எடுத்தது. ஃபைஃபில் 75இல் 34 வாங்கிய எஸ்.என்.பி. வெளியே, 20 வாங்கிய லேபர் உள்ளே. ஆக, முடிவு வந்த வெள்ளிக்கிழமையை விட, அடுத்த சில வாரங்களில் கூடும் முதல் கவுன்சில் கூட்டத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

இடையில் யாராவது இறந்துபோனாலோ ராஜினாமா செய்தாலோ இடைத்தேர்தல். அதிலும் 1, 2, 3தான், ஆனால் இடம் ஒன்றே என்பதால் கோட்டா பாதியைத் தாண்டும். 'அந்தக் கட்சியிடமிருந்து இந்தக் கட்சி பறித்தது' என்று தலைப்பு வந்தால் உடனே அலை அடிக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான்கு பேர் உள்ள வார்டில் நான்காவதாக, கோட்டாவைத் தொட்டும் தொடாமலும் ஜெயித்த ஒரு கிரீன் கவுன்சிலர் விலகினால், அதே வார்டு முழுக்க ஒரே ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் கட்சி தோற்பது சாதாரணம். யாருடைய மனமும் மாறாமலே இடம் கைமாறலாம். மாற்றம் தெரிய வேண்டுமானால் முதல் விருப்ப ஓட்டுச் சதவீதத்தைப் போன தேர்தலின் சதவீதத்தோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாக, உங்களுக்கு ஓட்டு உண்டா? அநேகமாக உண்டு. 16 வயது முடிந்திருந்து, ஸ்காட்லாந்தில் சட்டப்படி வசிக்கும் யாரும் கவுன்சில் தேர்தலில் ஓட்டுப் போடலாம், எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பது 2020 சட்டத்துக்குப் பிறகு பொருட்டில்லை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு, காமன்வெல்த் என்பதால், அதற்கு முன்பே இருந்தது. மாணவர் விசாவில் வந்தவருக்கும் உண்டு. 'நமக்கெல்லாம் எதற்கு ஓட்டு' என்று இரண்டு வருடப் படிப்பு முடிந்து ஊர் திரும்பும் வரை பெயரே பதியாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். பதிவது இணையத்தில் ஐந்து நிமிட வேலை, தேர்தலுக்கு 12 வேலை நாள் முன்பு முடித்துவிட வேண்டும். ஸ்காட்லாந்தில் 14 வயதிலேயே பெயரைப் பதியலாம், ஓட்டு 16இல்.

வாக்குச்சாவடி காலை 7 முதல் இரவு 10 வரை. பிரிட்டன் பாராளுமன்றத் தேர்தலுக்குப் போட்டோ அடையாள அட்டை கேட்பார்கள், கவுன்சில் தேர்தலுக்குக் கேட்பதில்லை. தேர்தலுக்கு முன் வீட்டுக்கு வரும் வாக்காளர் அறிவிப்பு அட்டையைத் (poll card) தொலைத்துவிட்டாலும் பெயரும் முகவரியும் சொன்னால் போதும். உள்ளே கயிற்றில் கட்டிய பென்சில் இருக்கும், சொந்தப் பேனாவையும் பயன்படுத்தலாம். அடுத்த தேர்தல் 2027 மே 6.