பீரோவுல தூங்குற கலர் நானோ: சார்ஜ் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

புதுச்சேரியில செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன், பழைய பாட்டுப் பொட்டிங்களும் நிறைய வரும். நம்ம ஊர்ல தெருவுக்கு நாலு வீட்ல யாராவது ஒருத்தர் பிரான்ஸ்ல இருப்பாங்க, ஜூலை ஆகஸ்ட் லீவுக்கு வரும்போது சாக்லேட், சென்ட் பாட்டிலோட ஒரு ஐபாட் நானோவும் (ஆப்பிள் கம்பெனியோட குட்டி பாட்டு பிளேயர்) பெட்டியில வந்து எறங்கும், அப்படி வந்ததெல்லாம் இன்னிக்கும் பீரோ லாக்கர்ல நகை டப்பாவுக்கு பக்கத்துல கெடக்கு. பழைய போன்னா பாத்திரக்காரர்கிட்ட போட்டுடுவோம். நானோவ மட்டும் யாரும் போடறதில்ல, ஏன்னா அது அழகா இருக்கு, கலர் போகல. இப்போ அதை எடுத்து சார்ஜ் போட்டுப் பாக்குறாங்க, இல்லன்னா பிள்ளைங்க கையில வெளையாடக் குடுக்குறாங்க. அதான் இதை எழுதுறேன்.

நானோ ஒவ்வொரு மாடலுக்கும் உருவம் மாறிக்கிட்டே வந்துச்சு, ஆனா உள்ள ஒரு விஷயம் மட்டும் மாறவே இல்ல, பேட்டரிய போர்டுலயே சால்டர் பண்ணி (ஈயத்த உருக்கி ஒட்டி) மூடிட்டாங்க. இதுக்கு முன்னாடி 2004ல வந்த ஐபாட் மினி அப்படி இல்லைங்க. வெள்ளி, தங்கம், பிங்க், நீலம், பச்சைன்னு அஞ்சு கலர், உள்ள 4 ஜிபி குட்டி ஹார்ட் டிஸ்க், பேட்டரி கனெக்டர்ல மாட்டியிருக்கும், கழட்டி மாட்டிடலாம். அந்த டிஸ்க்க தூக்கிட்டு கேமராவுக்குப் போடுற சிஎஃப் கார்ட சொருகி இன்னமும் ஓட்டுறவங்க இருக்காங்க. என்னைக் கேட்டா மொத்த ஐபாட் குடும்பத்துல ரிப்பேர்காரனுக்கு மரியாதை குடுத்த மாடல் அதான்.

2005 செப்டம்பர்ல மொத நானோ வந்துச்சு, ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஜீன்ஸோட சின்ன காசு பாக்கெட்லேர்ந்து எடுத்துக் காட்டுனாரே அது. கருப்பு, வெள்ளை ரெண்டே கலர், முன்பக்கம் பிளாஸ்டிக், பின்பக்கம் பளபளன்னு ஸ்டீல். இது உங்க வீட்ல இருந்தா மத்த எல்லாத்தையும் விட இதுலதான் அதிக கவனம் வேணும். ஜப்பான்ல இது சூடாகி தீப்பிடிச்சதா புகார் கெளம்பி 2008லயே அந்த நாட்டு அரசாங்கம் தலையிட்டுச்சு, அப்புறம் 2011 நவம்பர்ல ஆப்பிளே, 2005 செப்டம்பர்லேர்ந்து 2006 டிசம்பர் வரைக்கும் வித்த மொத மாடல்ல ஒரு சப்ளையர் பேட்டரியில தயாரிப்புக் குறை இருக்கு, ஓவர் ஹீட் ஆகலாம், பேட்டரிக்கு வயசு ஆக ஆக வாய்ப்பு கூடும்னு சொல்லி மாத்திக் குடுக்க ஆரம்பிச்சாங்க. பாட்டரிக்கு வயசு ஆக ஆகன்னு அவங்களே சொன்னது 2011ல, இப்போ அந்த பேட்டரிக்கு இருபது வயசு ஆவுது! ஒழுங்கா இருக்கற மாதிரி தெரிஞ்சாலும் இதுக்கு சார்ஜ் போடாதீங்க, அவ்ளோதான்.

அடுத்து 2006ல ரெண்டாவது மாடல், முழுக்க அலுமினியம், கலர் திருவிழா இங்கதான் ஆரம்பம். சாயம் ஏத்துன அலுமினியம்ங்கறதால நம்ம கடக்காத்துக்குக் கூட பாடிக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா கீழ இருக்கற 30 பின் சார்ஜ் சாக்கெட் பச்சை புடிச்சுப் போயிடும். 2007ல குள்ளமா அகலமா வீடியோ பாக்குற மாதிரி ஒண்ணு விட்டாங்க. 2008ல திரும்ப ஒல்லியா, ஒம்பது கலர்ல, குலுக்குனா பாட்டு மாறும். 2009ல அதே உருவத்துல வீடியோ கேமரா, எஃப்எம், சின்னதா ஒரு ஸ்பீக்கர் (கேமரா வச்சவங்க போட்டோ எடுக்கற வசதிய மட்டும் குடுக்கல, அது ஏன்னு எனக்கு இன்னிவரைக்கும் புரியல). 2010ல கேமராவும் போச்சு, விரலால சுத்தி பாட்டு தேடுற வீலும் போச்சு, சதுரமா கிளிப் வச்ச டச் ஸ்கிரீன், அதுக்கு ஸ்ட்ராப் மாட்டி வாட்ச்சா கட்டிக்கிட்டு ஒயிட் டவுன்ல திரிஞ்ச பசங்கள நானே பாத்திருக்கேன். கடைசியா 2012ல நீளமான ஸ்கிரீன், புளூடூத், 30 பின்னுக்குப் பதிலா லைட்னிங்னு சின்ன சாக்கெட். 2017 ஜூலையில நானோவையே நிறுத்திட்டாங்க. ஆக, அதுல கடைசி பீஸுக்கே வயசாயிடுச்சு.

இப்போ விஷயத்துக்கு வரேன். லித்தியம் பேட்டரி வருஷக்கணக்கா சும்மா கெடந்தா உள்ள இருக்கற ரசாயனம் கொஞ்சம் கொஞ்சமா சிதைஞ்சு கேஸ் உண்டாகும், பேட்டரி மேல இருக்கறது மெல்லிசான ஃபாயில் பை, அதனால பூரி மாதிரி உப்பிக்கும். இன்னொரு ஆபத்து இருக்கு, அது கண்ணுக்குத் தெரியாது. சுத்தமா சார்ஜ் எறங்கி அப்படியே பல வருஷம் கெடந்தா உள்ள இருக்கற செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும், அப்புறம் நீங்க சார்ஜ் போடும்போது கரைஞ்ச செம்பு கண்ட எடத்துல படிஞ்சு உள்ளுக்குள்ளயே ஷார்ட் ஆகும். "அண்ணே பத்து வருஷமா தொடவே இல்ல, புதுசு மாதிரி இருக்கு"ன்னு ஒரு பெருமையோட கொண்டாந்து குடுப்பாங்க பாருங்க, அந்த பீஸுதான் எனக்கு பயம். தெனமும் ஓட்டுனதக் கூட நம்பிடலாம்.

உப்புனது எங்க தெரியும்ங்கறது மாடலுக்கு மாடல் வேற. மொத நானோவுல பின்பக்க ஸ்டீல் மூடி ஓரத்துல பிளாஸ்டிக்க விட்டு விலகி நிக்கும், நகத்த விட்டா உள்ள போகும். 2007 குள்ள மாடல்லயும் அதே மாதிரி பின் மூடி தூக்கும். 2008, 2009 ஒல்லி மாடல்ல பாடி குழாய் கணக்கா ஒரே துண்டு, பேட்டரிக்கு வெளிய வர வழியே இல்ல, அதனால ஸ்கிரீன உள்ளேர்ந்து அமுக்கும், மொதல்ல மை கொட்டுன மாதிரி கறுப்பா ஒரு திட்டு, அப்புறம் கண்ணாடி கீறல் விடும். கீழ போட்டு ஒடைஞ்சதுன்னு நெனச்சு பிள்ளைய அடிச்சிருப்பாங்க, பாவம். 2010 சதுரத்துல ஸ்கிரீன் மொத்தமா மேல எழும்பி நிக்கும், சில சமயம் தனியா கையோட வந்துடும். 2012 மாடல்ல ஸ்கிரீன் ஒரு பக்கம் மட்டும் தூக்கும், அதை அமுக்கி ரப்பர் பேண்டு போட்டு கொண்டு வராங்க, ஃபெவிக்விக் ஊத்தி ஒட்டியே கொண்டு வராங்க. தயவு செஞ்சு அமுக்காதீங்க. அமுக்குனா உள்ள பேட்டரி மடங்கும், மடங்குனா ஷார்ட், ஷார்ட்டுன்னா தீ. ஊசியால குத்தி காத்த எறக்குற வேலை வேண்டவே வேண்டாம், யூடியூப் பாத்துட்டு செய்றாங்க, அந்த கேஸும் நெருப்பு புடிக்கிற கேஸுதான்.

இவ்ளோ துளியூண்டு பேட்டரி என்ன பண்ணிடும்னு கேப்பீங்க. போன் பேட்டரிய விட பல மடங்கு சின்னதுதான், வீட்டையே வெடி வச்சு தூக்காது, ஆனா மெத்தை, கொசுவலை, பட்டுப்புடவை அடுக்கி வச்ச பீரோ இதுல ஒண்ணு பக்கத்துல இருந்தா அந்தக் கொஞ்ச நேரத் தீயே போதும்.

ஃபாஸ்ட் சார்ஜர் போட்டதாலதான் உப்பிடுச்சான்னு நெறைய பேர் கேக்குறாங்க. அதுல ஒண்ணும் இல்ல, நானோ தனக்கு வேணுங்கறத மட்டும்தான் இழுத்துக்கும். இன்னொண்ணு, 2008 மாடல்லேர்ந்து ஃபயர்வயர் பின் (யூஎஸ்பி இல்லாத பழைய வகை இணைப்பு) வழியா சார்ஜ் ஏறாது, அந்த வழியா மட்டும் சார்ஜ் குடுக்குற பழைய ஸ்பீக்கர் டாக்குல சொருகிட்டு பேட்டரி டெட்டுன்னு முடிவு பண்ணி கழட்ட ஆரம்பிச்சிடறாங்க, அப்படி கழட்டும்போது நல்ல பேட்டரியையே கிழிச்சுடறாங்க. பிரான்ஸ் பீஸுல சத்தம் கம்மியா வருதுன்னு வர்ற கேஸும் ரிப்பேர் கெடையாது, அங்க சட்டப்படி 100 டெசிபலுக்கு மேல போகக் கூடாது, அதுக்கேத்த மாதிரி செட் பண்ணிதான் விப்பாங்க. காதுக்கு நல்லதுதானே, விடுங்க.

சரி, வீட்ல ஒண்ணு இருக்கு, என்ன பண்றது? வெளிச்சத்துல எடுத்து மேசை மேல படுக்க வச்சுப் பாருங்க, ஆடுதா, விளிம்புல இடைவெளி இருக்கா, ஸ்கிரீன்ல திட்டு இருக்கா. ஒண்ணு இருந்தாலும் சார்ஜ் கூடாது. பீங்கான் தட்டுலயோ மணல் போட்ட மண்சட்டியிலயோ வச்சு, வெயில் படாத எடத்துல, துணி பேப்பர் இல்லாம தள்ளி வையுங்க, இறுக்கி மூடாதீங்க. ஃப்ரிட்ஜுல வச்சா உப்புனது எறங்கும்ங்கறது கட்டுக்கதை. பைக் சீட்டுக்கு அடியில போட்டு மே மாச வெயில்ல என் கடைக்குக் கொண்டு வராதீங்க, சாயந்தரமா கையில எடுத்துட்டு வாங்க. புகை வந்துச்சுன்னா கையால தூக்காதீங்க, மணல அள்ளிக் கொட்டிட்டு வெளிய வந்துருங்க, அந்தப் புகைய மூச்சுல இழுக்கக் கூடாது. உப்பல, ஆனா பல வருஷம் சும்மா கெடந்ததுன்னா, மொத நானோ தவிர மத்தத, பகல்ல, நீங்க பக்கத்துல உக்காந்துக்கிட்டு, தரையில வச்சு ஒரு அரை மணி நேரம் போட்டுப் பாக்கலாம். தொட்டா கை சுடுதுன்னா ஒயர புடுங்கிடுங்க. ராத்திரி தலைமாட்டுல வேண்டாம்.

குப்பை வண்டியிலயும் போடக் கூடாது, வண்டிக்குள்ள நசுங்குனா அங்க பத்திக்கும், தூக்குற தொழிலாளி கையில பத்திக்கும். 2022ல வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிப்படியும் பேட்டரிய மத்த குப்பையோட கலக்கக் கூடாது. இ-வேஸ்ட் வாங்குறவங்ககிட்டயோ பழைய பேட்டரி சேத்து அனுப்புற சர்வீஸ் கடையிலயோ குடுங்க. சண்டே மார்க்கெட்ல கலரப் பாத்து ஆசைப்பட்டு வாங்குறவங்களும் மேல சொன்ன மாதிரி ஓரத்த தடவிப் பாத்துட்டு அப்புறம் பேரம் பேசுங்க.

கடைசியா எல்லாரும் கேக்குறது, உள்ள இருக்கற பாட்டு? அது பேட்டரியில இல்ல, போர்டுல மெமரியில இருக்கு, பெரும்பாலும் பேட்டரி மாத்துனா வந்துடும். கம்ப்யூட்டர்ல மாட்டி மறைச்சு வச்ச ஃபோல்டர்கள காட்டச் சொன்னா ஐபாட் கண்ட்ரோல்னு ஒண்ணு தெரியும், அதுக்குள்ள மியூசிக்னு இருக்கறத அப்படியே காப்பி பண்ணிக்கலாம். ஃபைல் பேரெல்லாம் நாலு எழுத்துல சம்பந்தமில்லாம இருக்கும், பயப்படாதீங்க, பாட்டு பேரு ஃபைலுக்குள்ளயே டேகுன்னு ஒரு குறிப்புல இருக்கு, பிளேயர்ல போட்டதும் சரியா காட்டும். கம்ப்யூட்டர்ல இருக்கற பாட்டோட "சிங்க்" பண்ணட்டுமான்னு (ரெண்டையும் ஒண்ணாக்கட்டுமான்னு) கேட்டா மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க, ஓகே குடுத்தா பழசெல்லாம் அழிஞ்சிடும்.