பகலில் மதுரை, இரவில் ஐரோப்பா

ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் வாங்கிய சென்னை வாசகரின் கேள்வி: 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை) பகலில் கணீரென்று கேட்கும் மதுரை, நள்ளிரவுக்குப் பின் காணாமல் போகிறது, ஐரோப்பா கேட்கிறது. எதில் கோளாறு?

எதிலும் இல்லை. ரேடியோ அலையை வளைத்துத் தரைக்கு அனுப்புவது அயனமண்டலம்; சூரியக் கதிர்களால் எலக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் மேல் வளிமண்டலம் அது. அதில் 60–90 கி.மீ. உயரத்தில் இருப்பது டி அடுக்கு. அலை வந்ததும் அங்குள்ள எலக்ட்ரான்கள் அதோடு சேர்ந்து ஆடும். ஆனால் காற்று ஓரளவு அடர்த்தியானது. ஆடத் தொடங்கிய எலக்ட்ரான் வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தருவதற்குள் ஒரு மூலக்கூறில் மோதிவிடும். அலை வெப்பமாகிக் கரையும். 300 கி.மீ. உயரத்து எஃப் அடுக்கில் மோத ஆளில்லை. எலக்ட்ரான் நிம்மதியாக ஆடி, பெற்றதைத் திருப்பித் தரும். அலை வளைந்து இறங்கும். இரண்டு அடுக்கிலும் எலக்ட்ரான் ஒரே மாதிரிதான்; சுற்றியுள்ள காற்றுதான் அலையின் தலைவிதியை எழுதுகிறது!

மதுரைக்குப் போகும் அலை செங்குத்தாக ஏறுவதால் டி அடுக்கைச் சட்டென்று கடந்துவிடும். ஐரோப்பாவுக்கான அலை சாய்வாக நெடுந்தூரம் அதற்குள் ஊர்ந்து, பகலில் அங்கேயே மடிகிறது. சூரியன் மறைந்ததும் டி அடுக்கு கலைகிறது, தூரம் திறக்கிறது. இரவு ஏற ஏற எஃப் அடுக்கும் மெலிவதால், செங்குத்து அலை அதைத் துளைத்து விண்வெளிக்கே போய்விடுகிறது. சாய்வான அலைக்கு அந்த மெலிந்த அடுக்கே போதும்.

இதைச் சோதிக்க ஒரு டைபோல் ஆன்டெனா (இரு சம பக்கங்களாக நீட்டிய கம்பி) போதும். 143 என்ற வழக்கமான எண்ணை நம் அதிர்வெண்ணான 7.1 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் 20.1 மீட்டர்; பக்கத்துக்கு 10.05. பின்னால் குறைக்க இடம் விட்டு, வீட்டு வயரிங் கம்பியில் பக்கத்துக்கு 10.3 மீட்டராக வெட்டுங்கள். நடுவில், ரேடியோவுக்குப் போகும் 50 ஓம் கோஆக்சியல் கேபிள். பிவிசி உறையால் ஒத்ததிர்வு (ஆன்டெனா இசையும் அதிர்வெண்) கீழே இறங்கும். அதை அளக்கும் கருவியான அனலைசர் 6.9 மெகாஹெர்ட்ஸ் காட்டினால் பக்கத்துக்கு 29 செ.மீ. குறைக்க வேண்டும்; வெட்டாமல் முதலில் மடக்கிக் கட்டிப் பாருங்கள். கேபிள் இணைப்பை நன்றாக மூடுங்கள். மழைநீர் உள்ளே இறங்கினால் கேபிளுக்குள் இருக்கும் செம்புக் கம்பிப் பின்னல் கறுத்து, கேபிளே அலையைத் தின்றுவிடும்.

பட்டப்பகலில் பேண்ட் முழுதும் திடீரென ஓய்ந்தால் உடனே கூரையேறாதீர்கள். சூரியப் பிழம்பின் எக்ஸ் கதிர்கள் டி அடுக்கைத் தடிக்க வைத்திருக்கலாம். ஒரு மணி நேரம் பொறுத்துக் கேளுங்கள். மதுரை திரும்ப வந்துவிட்டால் ஆன்டெனாவில் பழுதில்லை.