சபை உடன்படிக்கையை ஏன் ஒப்பந்தம் ஆக்குறீங்கள்?

போன மாசம் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு சபையில ஆராதனை முடிஞ்சு வெளிக்கிடேக்க வாசல்ல எல்லாருக்கும் ஒரு ஏ4 தாள் குடுத்தாங்கள், மேல தடிச்ச எழுத்தில "சபை அங்கத்துவ ஒப்பந்தம்". இந்தச் சொல்லை இப்ப எத்தினை இடத்தில கண்டிட்டன். பக்கத்தில நிண்ட ஆச்சி தாளைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, "தம்பி, இதில கையெழுத்து வச்சா பிறகு வீட்டுக்கு ஏதும் கடிதம் கிடிதம் வருமோ" எண்டு கேட்டா. மருமகன்ட ஓட்டோ லீசிங்குக்கு பிணை நிண்டு பட்ட பாடு அவவுக்கு. ஆச்சியில பிழையே இல்லை, அந்தத் தாளே அப்பிடித்தான் பேசுது. "சபையும் அங்கத்தவரும் ஆகிய இரு தரப்பினரும் பின்வரும் நிபந்தனைகளுக்கு இணங்குகின்றனர்" எண்டு ஒரு வரி. வீடு வாடகைக்குக் குடுக்கிற பேப்பர்தான் அது.

அந்தத் தாளுக்கு ஆங்கிலத்தில சேர்ச் கவனன்ட் எண்டு பெயர், சபையார் எப்பிடிச் சேர்ந்து வாழப்போறம் எண்டு தேவனுக்கு முன்னால குடுக்கிற வாக்கு, தமிழில அதுக்குச் சரியான சொல் உடன்படிக்கை. சொல்லின்ர பிறப்பைச் சுருக்கமா சொல்லிடுறன். ஆங்கிலக் கவனன்ட் லத்தீன்ல "கூடி வருதல்" எண்ட அடியில இருந்து வந்தது. எபிரேயத்தில பெரித், அதைச் "செய்யிறது" எண்டு சொல்லாம "வெட்டுறது" எண்டுதான் சொல்லுவாங்கள், ஆதியாகமம் 15ல ஆபிராம் மிருகங்களை ரெண்டாப் பிளந்து வச்சது அதுக்குத்தான். கிரேக்கத்தில தியாதேக்கே, உயில் எண்டும் பொருள் உண்டு, அதாலதான் எங்கட பழைய வேதாகமத்தில எபிரெயர் 9:16, 17ல மட்டும் "மரணசாசனம்" எண்டு மாத்திப் போட்டிருக்கு. மற்ற இடங்கள்ல உடன்படிக்கை. அந்த மொழிபெயர்ப்பாளர்கள் ஒவ்வொரு இடத்திலயும் நிண்டு யோசிச்சிருக்கிறாங்கள் எண்டு அதிலயே தெரியுது. உடன்படு எண்ட வினை எங்களுக்குப் புதுசும் இல்லை, "உடம்பாடு இலாதவர் வாழ்க்கை" ஒரே குடிலுக்குள்ள பாம்போட இருக்கிற மாதிரி எண்டு குறள் 890 சொல்லுது, உடம்பாடு எண்டது உடன்பாடுதான். ஒண்டா இருக்கிறவைக்குள்ள மனசு ஒண்டுபடுற விசயம்.

இனி ஒப்பந்தம். ஒப்பு எண்ட அடியில வந்த நல்ல தமிழ்ச் சொல்தான், சொல்லோட எனக்குக் கோபம் இல்லை. ஆனா எங்கட சனத்துக்கு ஒப்பந்தம் எண்டா முதல்ல கொந்தராத்து, ஒப்பந்தக்காரர் வந்து வேலையை முடிப்பார், காசை வாங்குவார், போவார். அடுத்தது அரசியல். 1957ல பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழ்த் தலைவர் செல்வநாயகமும் செய்த பண்டா-செல்வா ஒப்பந்தம், அடுத்த வருசமே கிழிஞ்சுது. 1964ல சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், மலையகச் சனத்தைக் கேக்காமலே இலங்கையும் இந்தியாவும் அந்தச் சனத்தை எண்ணிப் பங்கு போட்டுதுகள். இவ்வளவையும் சுமந்துகொண்டு வாற ஒரு சொல்லைத் தூக்கி கர்த்தருடைய பந்தியில கொண்டுபோய் வைக்கிறதோ? பாத்திரத்தை எடுக்கேக்க "புதிய உடன்படிக்கை" எண்டுதானே கேக்கிறம், புதிய ஒப்பந்தம் எண்டு ஒருத்தரும் சொல்லத் துணியாயினம்.

ஒரு சிநேகிதர் சொன்னார், "லோயர்மார் குத்தகை உடன்படிக்கை எண்டும் எழுதுறாங்கள்தானே, பிறகென்ன வித்தியாசம்" எண்டு. நியாயமான கேள்விதான். ஆனா சபைக்குள்ள அந்தச் சொல்லுக்கு வேற காது இருக்கு. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடக்கின ஜோன் வெஸ்லி 1755ல லண்டன்ல தொடங்கின ஆராதனை, 1814ல மிசனரிமார் வந்த பிறகு இஞ்சயும் மெதடிஸ்த சபைகள்ல வேர் பிடிச்சு, வருசப் பிறப்போட "உடன்படிக்கை ஆராதனை" எண்டு வருது. சின்னப் பிள்ளையளே சொல்லுங்கள். இருக்கிற சொல்லை விட்டிட்டு ஆங்கிலத் தாளைப் பக்கத்தில வச்சு அக்ரிமன்ட் எண்ட நினைப்பில மொழிபெயர்த்தா இப்பிடித்தான் வரும். இன்னொருத்தர் ஐநா கடதாசியளைப் பாத்திட்டு "சமவாயம்" எண்டு போட்டார், அதை எந்த ஆச்சி விளங்கிக்கொள்ளுவா? இப்ப மொழிபெயர்க்கிற கனபேர் தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாக்கிறதே இல்லை, அதுதான் எனக்கு உண்மையான கவலை.

பெயர் பிழைச்சா நோக்கமும் பிழைக்குது. சபையில உடன்படிக்கையை எழுதி வைக்கிறது ஒருத்தரை ஒருத்தர் கோட்டுக்கு இழுக்க இல்லை. எதை விசுவாசிக்கிறம் எண்டு சொல்ல விசுவாசப் பிரமாணம் இருக்கு, எப்பிடிச் சேர்ந்து வாழப்போறம் எண்டு சொல்லத்தான் இது. நெகேமியா 9:38ல சனம் உடன்படிக்கை பண்ணி, எழுதி, முத்திரை போட்டுது, அடுத்த அதிகாரத்தில பெயர்ப் பட்டியலே இருக்கு, ஆலய வேலைக்கு வருசத்துக்கு சேக்கல் எண்ட அந்தக் காலத்து வெள்ளிக் காசில மூண்டில ஒரு பங்கு எண்டு அளவும் இருக்கு. வாயால சொன்னது மறந்துபோகும், எழுதினதை திருவிருந்துக்கு முதல் எல்லாரும் சேர்ந்து வாசிக்கலாம், பப்டிஸ்ட் சபைகள் கன இடத்தில அப்பிடிச் செய்யிறவை. 1853ல அமெரிக்காவில பப்டிஸ்ட் போதகர் நியூட்டன் பிரவுன் வெளியிட்ட உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கோ: ஒருத்தருக்காக ஒருத்தர் ஜெபிக்கிறது, வருத்தம் துன்பத்தில உதவுறது, கெதியா மனம் நோகாம இருக்கிறது, சாராயம் குடிக்காம விக்காம இருக்கிறது, ஊர் மாறிப் போனா அங்க ஒரு சபையில சேருறது. கனடாவுக்கும் லண்டனுக்கும் பாதிச் சபை போன எங்களுக்கு அந்தக் கடைசி வரி நெஞ்சில குத்தும்.

பிரவுன்ட அந்த உடன்படிக்கையில "இரு தரப்பினர்" இல்லை. சபை ஒரு பக்கம், அங்கத்தவர் மற்றப் பக்கம் எண்டு எப்பிடிப் பிரிக்கிறது, அங்கத்தவர்தானே சபை. தொடக்கத்தில இருந்து முடிவு மட்டும் "நாங்கள்"தான் பேசுது, தேவனுக்கு முன்னால நிண்டு.

ஆச்சியின்ர தாளை வாங்கி, தலைப்பில ஒப்பந்தத்தை வெட்டி உடன்படிக்கை எண்டு பேனையால எழுதிக் குடுத்தன், "இரு தரப்பினரும்" எண்ட இடத்தில "நாங்கள்" எண்டும், "நிபந்தனைகள்" எண்ட இடத்தில "வாக்குறுதிகள்" எண்டும். மூண்டு சொல்தான். அடுத்த முறை போட்டோக்கொப்பி அடிக்க முதல் மூப்பர்மார் அந்த மூண்டையும் மாத்தினாக் காணும்.